கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நெட் சென்டர்க்காரனின் மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

துறையூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன் மெஷின். வருஷம் முழுக்கப் பட்டா, சிட்டா, ஆதார் திருத்தம் என்று ஓடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடை உங்கள் கைக்குப் போய்விடும். பொறியியல் கலந்தாய்வு 2018-ல் ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் விருப்பப் பட்டியலை என் விரல்தான் தட்டியிருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். கூடவே அப்பாவும் தாய்மாமாவும். கணக்கை 100-க்கு வைத்து, இயற்பியல், வேதியியல் இரண்டையும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கிக் கூட்டினால், 200-க்கு அவள் கட்-ஆஃப் 170-ஐ ஒட்டி இருந்தது. நல்ல மார்க்தான். பட்டியலில் காரைக்குடி அரசுக் கல்லூரியை எழுதிக்கொண்டு வந்திருந்தாள், பென்சிலில், சின்ன எழுத்தில். பேசியது முழுக்க மாமா. "முதல்ல நம்ம பக்கத்துக் காலேஜைப் போடுங்க தம்பி. அது கட்டாயம் கிடைக்கும், சேஃப். அதுக்குக் கீழ மத்ததைப் போட்டுக்கலாம்."

நான் சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். உங்கள் ரேங்க் வரும்போது மேலேயிருந்து எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றார் மாமா. பக்கத்துக் காலேஜ் முதலிடம், காரைக்குடி நாலாமிடம். பட்டியலை லாக் செய்துவிட்டுப் போனார்கள்.

ஒதுக்கீட்டில் பக்கத்துக் காலேஜே வந்தது. மறுநாள் அப்பா மட்டும் தனியாக வந்தார். "மேல்நகர்வுன்னு ஒண்ணு இருக்காமே, அதுல காரைக்குடி கேட்கலாமா?" என்றார். கேட்கலாம்தான், ஆனால் மேல்நகர்வு என்பது உங்கள் பட்டியலில் அதற்கு மேலே எழுதியிருப்பதற்குத்தான். முதலிடத்துக்கு மேலே எங்கே நகர்வது? அவர் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரிண்ட் அவுட்டுக்குப் பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த மடலின் பெரும்பகுதி அவ்வளவுதான். எது நிச்சயம் கிடைக்கும் என்ற வரிசையில் எழுதாதீர்கள். எது வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். மேலே எட்டாத காலேஜை எழுதுவதால் ஒரு பைசா நஷ்டமில்லை. கிடைக்கவில்லையென்றால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்கு இறங்கும், அவ்வளவே. சேஃப் காலேஜுக்கு இடம் பட்டியலின் அடியில். அதையும் எழுத மறந்துவிடாதீர்கள். நாலு பெயரோடு வருகிற பையனைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாற்பது எழுதலாம், யாரும் காசு கேட்கப்போவதில்லை.

எழுதும்போது பெயரைவிடக் கல்லூரி எண்ணைப் பாருங்கள். ஒரே சாமி பெயரில், ஒரே தலைவர் பெயரில் அரை டஜன் கல்லூரிகள் இருக்கின்றன. கோயம்புத்தூர் என்று நினைத்து வேறு மாவட்டத்தைத் தட்டியவர்கள் என் கடையிலேயே உண்டு. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். "நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம்" என்று சிரித்த முகத்தோடு வருகிறவர் எந்தக் காலேஜை முதலில் போடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கதையும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. நான் 2007 செட். நுழைவுத் தேர்வை ரத்து செய்த பிறகு வந்த முதல் வருஷம். அப்போது கவுன்சலிங்குக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் இறங்கி, கட்டணக் குளியலறையில் குளித்து, நானும் அப்பாவும் போய் உட்கார்ந்தோம். எந்தக் காலேஜில் எந்தப் பிரிவில் எத்தனை சீட் பாக்கி என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் குறித்துப் போன மூன்றும் என் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டன. பக்கத்து நாற்காலிக்காரர், "இந்தக் காலேஜ் பரவால்லைங்க, பில்டிங் நல்லா இருக்கும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நாலு வருஷம் தீர்மானமாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பில்டிங் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பட்டியலின் முதல் ஐந்து காலேஜையாவது நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் அழைக்கும் நாளில் போகாதீர்கள். அன்றைக்கு வாசலில் ரோஜாப்பூவும் கேசரியும்தான் இருக்கும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் எண்ணெய் பூசி ஓடுகிறதா, துரு ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். வெளியே டீக்கடையில் மூன்றாம் வருஷப் பசங்க நிற்பார்கள். அவர்களிடம், "உங்க கிளாஸ்ல எத்தனை பேர் சேர்ந்தீங்க, இப்ப அரியர் இல்லாம எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பிராஸ்பெக்டஸ் சொல்லாததை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடும். பிளேஸ்மென்ட் ஃபிளெக்ஸில் ஆஃபரை எண்ணாதீர்கள், முகத்தை எண்ணுங்கள். ஒரே பையன் நாலு கம்பெனிக்கு நாலு முறை சிரித்துக்கொண்டிருப்பான்.

இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரியின் விகிதத்தை அதோடு ஒப்பிடாதீர்கள். அங்கே கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் அவர்களே. அதேபோல நாக் (NAAC), என்பிஏ (NBA) இரண்டும் தரச் சான்றுகள்; நாக் என்பது மொத்தக் கல்லூரிக்கும் தருவது, என்பிஏ என்பது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. "எங்களுக்கு என்பிஏ இருக்கு" என்றால், எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள்.

பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அருகதையில்லை. எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறார்கள், அல்லது பெயரில் ஏஐ ஒட்டியிருக்கும் ஏதாவது ஒன்று. புதிதாகப் பெயர் சூட்டிய படிப்பென்றால் அதை நடத்த யார் இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். கணக்கைக் கண்டால் ஓடுகிறவர், அண்ணன் மகன் எடுத்தான் என்பதற்காக அதே பிரிவை எடுக்க வேண்டாம்.

ரிசல்ட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்து "சீட்டை பிளாக் பண்ணிடலாம்" என்று அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்பவர்களிடம் ஒரு காகிதத்தையும் கொடுக்காதீர்கள். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்; விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று மேசை மேசையாகத் தாண்டி வர நாளாகும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு, 2021 முதல். அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இது தெரியாமல் நகையை அடகு வைத்துவிட்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இனி முதல் வருஷம். நான் தமிழ் மீடியம். முதல் நாள் முதல் வகுப்பில் கணக்கு வாத்தியார் போர்டில் எழுதியது எனக்குத் தெரிந்த மேட்ரிக்ஸ்தான், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது ஒன்றும் புரியவில்லை. "எனி டவுட்ஸ்?" என்று கேட்டார். அறுபது பேரும் கம்மென்று இருந்தோம். எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்தேன். எனக்கு முன் பெஞ்சில் இருந்தவனும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தான் என்று மூன்றாம் வருஷத்தில்தான் தெரிந்தது.

எம்-ஒன், அதாவது முதல் செமஸ்டர் கணக்கு, ஃபெயில். வீட்டில் சொல்லவில்லை. பாஸ் என்று சொல்லிவிட்டு, அடுத்த செமஸ்டரில் ரெண்டு கணக்கையும் சேர்த்துப் படிக்கப் பார்த்தேன், ரெண்டும் போனது. மூன்றாம் தடவைதான் எம்-ஒன் எடுத்தேன். அதற்குள் ஒரு கம்பெனி வந்து, அரியர் இல்லாதவர்களை மட்டும் உட்காரவைத்துப் பரீட்சை நடத்திவிட்டுப் போயிருந்தது. என்னைத் தூக்கிவிட்டது ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. வகுப்பில் வரும் இங்கிலீஷ் வார்த்தைக்கு எதிரே பிளஸ் டூ புத்தகத்தில் படித்த தமிழ்ச் சொல்லை எழுதினேன். டிஃபரென்ஷியேஷன் என்றால் வகையிடல். இன்டெக்ரல் என்றால் தொகையீடு. எல்லாம் தெரிந்த ஆசாமிகள்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த நோட்டை முதல் வாரமே போட்டிருக்க வேண்டும்.

அரியர் விழுந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்பா ரெண்டு நாள் பேசமாட்டார். மூன்றாம் நாள் ஃபீஸ் கட்ட அவரேதான் பணம் தருவார்.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். சீனியர் யாராவது எல்லை மீறினால் பொறுத்துக்கொண்டு போக வேண்டாம். 1996-ல் ராகிங்கில் ஒரு மருத்துவ மாணவரின் உயிரே போனது. அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 1800-180-5522, இது நாடு முழுவதற்குமான ராகிங் எதிர்ப்பு எண். போனில் பதிந்துவையுங்கள்.

விருப்பப் பட்டியல் கொடுக்கும் நாட்களில் கடை ராத்திரி பத்து வரை இருக்கும். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. பட்டியலை வீட்டிலேயே பென்சிலில் எழுதிக்கொண்டு வாருங்கள், கல்லூரி எண்ணோடு. மாமா கூட வந்தால் வரட்டும். எதிரே டீக்கடை இருக்கிறது, நீங்கள் தட்டி முடிக்கும்வரை அவர் அங்கே உட்கார்ந்து ஒரு டீ சாப்பிடட்டும். காசு நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெட் சென்டர் அண்ணன்