குழந்தையின் துடிப்பைக் கேளுங்கள்: தலைமை மருத்துவருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் பிரசவ வார்டில் என் மகளுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் புகார் மனு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் மறுபடி சொல்கிறேன்.

இரவு ஒன்றேகாலுக்கு நர்ஸ், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை என் மகளின் வயிற்றில் வைத்துப் பார்த்து, துடிப்பு நிமிடத்துக்கு 140 என்றார். அப்புறம் நான்கு மணி வரை யாரும் வைக்கவில்லை. பிரசவத் துணையாக நான் பக்கத்திலேயே நின்றேன். மூன்று முறை போய்க் கேட்டேன். "பேட்டரி போயிடுச்சும்மா, இன்னொன்னு ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கு" என்றார்கள். நான்கு மணிக்குப் பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தது. அப்போது துடிப்பு 80. ஓட்டமும் நடையுமாகத் தூக்கிப்போய் சிசேரியன் செய்தீர்கள். பேரன் பிழைத்தான், அதற்கு நன்றி. ஆனால் ஒன்பது நாள் அவனைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம்.

பிறகு கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். அரை மணிக்கு ஒரு தடவை 140, 142, 140 என்று ஒரே பேனாவில் எழுதியிருக்கிறது. நான் அங்கேயே நின்றேனே ஐயா!

வலி வரும்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். தெம்பான குழந்தை தாங்கிக்கொள்ளும். தாங்காத குழந்தைக்கு வலி விட்ட பிறகும் துடிப்பு இறங்கியே நிற்கும். கேட்டால்தானே அது தெரியும்? 110 முதல் 160 வரை இருக்க வேண்டும், அரை மணிக்குள் ஒரு முறையாவது ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பேட்டரி இல்லையென்றால் காதை வைத்துக் கேட்கும் குழல் இருக்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம்.

நர்ஸ்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று ஏழு பெண்களுக்கு இரண்டே பேர். ஒருவர் பிரசவம் பார்க்கப் போனால் மற்ற ஆறு பேருக்கும் ஒருவர்தான். அவர்களும் என்னதான் செய்வார்கள்? ஆள் போடாமல் பொய் எழுத வைப்பது யார்? காசு இருப்பவர்கள் தனியாருக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் எங்கே போவது?

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். தயவுசெய்து இரவுக்கு இன்னொரு நர்ஸைப் போடுங்கள். வார்டை விட்டு வெளியே போகாத டாப்ளர் ஒன்றும், மாற்றுப் பேட்டரியும், ஒரு குழலும் வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள், கேட்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அவளும் உங்கள் வார்டுக்குத்தான் வருவாள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி