மன்னிப்பும் வழக்கும்

அன்புள்ள சாமுவேலுக்கு,

சோத்திரம். மகளுக்கு நர்சிங் வேலை கிடைத்தது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவின் முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி இங்கே சுகம்.

உங்கள் சபை வாலிபர்கள், "நம்மை அந்நியன் என்கிறவனிடம் என்ன அன்பு வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தாய். அவர்களை அதட்டி அடக்கிவிடாதே. இந்தியன் என்றால் இன்ன மதத்துக்காரன்தான் என்று மேடை போட்டுப் பேசும்போது வலிக்கத்தான் செய்யும்.

அவர்களிடம் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பற்றி முழுதாகச் சொல். ஒடிசாவில் மனோகர்பூர் கிராமம், 1999 ஜனவரி 22 இரவு. குளிருக்காக வண்டிக்குள்ளேயே படுத்திருந்த அவர் கணவர், ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர்களுடைய இரண்டு பையன்களையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. பிலிப்புக்கு 10 வயது, திமோத்திக்கு 6. அந்த அம்மா மன்னித்தார். இதோடு நம் பிரசங்கங்கள் நின்றுவிடுகின்றன, எனக்கு அதுதான் ஆதங்கம். மகளைக் கூட்டிக்கொண்டு அவர் உடனே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 2004 வரை ஒடிசாவில் பாரிபடாவிலேயே இருந்து, கணவர் நடத்திய தொழுநோயாளிகள் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். அங்கே புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கும் நிற்கவில்லை. அந்தக் கும்பலுக்குத் தலைமை தாங்கிய தாரா சிங்குக்கு 2003இல் மரண தண்டனை, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பு அவர் மனதிலிருந்து வந்தது, தண்டனை நீதிமன்றத்தின் பொறுப்பு. அப்போஸ்தலன் பவுல்கூட தன் வழக்கில் இராயனுக்கு அபயமிட்டாரே, ரோமப் பேரரசனிடம் முறையிட்டாரே! ஜெபக்கூட்டத்தில் புகுந்து அடித்தால் போலீஸில் புகார் கொடுப்பதும், அரசியல் சாசனம் 25ஆம் பிரிவில் தந்த உரிமையைக் கேட்பதும் அன்புக்கு விரோதமில்லை. அடித்தவனையும் மேலும் பாவத்துக்குப் போகாமல் அது தடுக்கிறது. பதிலுக்கு அடிப்பதும், அவன் சாமியை இழிவாகப் பேசுவதும்தான் நமக்குத் தடை.

இன்னொன்றையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதிகாரம் கைக்கு வந்தால் நாமும் அப்படித்தான் ஆடுவோம். 1933இல் ஜெர்மனியில் யூத வம்சத்தில் பிறந்த போதகர்களைச் சபை வேலையிலிருந்து விலக்கச் சொன்னவர்கள் கிறிஸ்தவர்கள்தான். அதை எதிர்த்து நின்ற சபையார் 1934இல் அங்கே பார்மென் என்ற ஊரில் வெளியிட்ட அறிக்கையிலும் யூதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. தங்கள் சபையின் சுதந்திரத்துக்காகப் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் பேசத் தவறிவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஊரில் முஸ்லிம் கடையை ஒதுக்கச் சொன்னாலும் உங்கள் வாலிபர்கள் இதே கோபத்தோடு எழும்ப வேண்டும். நம் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் இருந்தால் அதற்கும்தான்.

அப்புறம், நம்மைப் பற்றிப் பொய் சொல்லும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக நீ எழுதிய பக்கத்து வீட்டு அண்ணாச்சி விஷயம். வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போடாதே. நேரில் போ, அவருக்கு என்ன பயம் என்று கேள், முழுதாகப் பேச விடு. அதில் பொய் எது என்பதையும் முகத்துக்கு நேரே மரியாதையாகச் சொல். ஒரு நாளில் மாற மாட்டார், பரவாயில்லை. அவர் வீட்டில் நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாகப் போய் நில்.

வாலிபர் கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
தேவதாசன்