தவணை தவறிய வீட்டுக்கு முதல் மூன்று மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் பத்து லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு, கைமாறினால் அது செய்தியாகிறது. அதே பேட்டையில் தவணை கட்ட முடியாமல் வீட்டை இழக்கும் குடும்பங்களைப் பற்றி எப்போதாவது ஒரு பத்தி வந்தால் உண்டு. நம்மவர்களும் இதை வெளியே சொல்வதில்லை. “வீட்டுக்கு லோன் கட்டலையாமே” என்ற பேச்சு சொந்தக்காரர் காதுக்குப் போய்விடும் என்ற பயத்தில், உதவி கிடைக்கக்கூடிய மாதங்களை வாய் திறக்காமலேயே கழித்துவிடுகிறோம். அந்த மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பலருக்கும் தவணை கையிலிருந்து போவதில்லை, மத்திய சேம நிதியின் (சம்பளத்தை ஒட்டிக் கட்டாயமாகச் சேரும் சேமிப்பு) சாதாரணக் கணக்கிலிருந்து கழிகிறது. அதனால் துண்டு விழுவது கண்ணில் படுவதில்லை. மாதம் 4,000 வெள்ளி சம்பளம் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். 35 வயதுக்கு மேல் 45 வரை, சம்பளத்தில் 21 விழுக்காடு சாதாரணக் கணக்கில் சேரும், அதாவது 840 வெள்ளி. 50 வயதைத் தாண்டினால் 15 விழுக்காடுதான், 600 வெள்ளி. 55ஐத் தாண்டினால் 480. 60ஐத் தாண்டினால் 3.5 விழுக்காடு, வெறும் 140 வெள்ளி. வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனாலும் 42 வயதில் தடையில்லாமல் கழிந்த 840 வெள்ளித் தவணைக்கு 51 வயதில் மாதாமாதம் 240 வெள்ளி போதாது. கணக்கில் சேர்ந்திருந்த இருப்பு கொஞ்ச காலம் ஈடுகொடுக்கும். அது தீர்ந்த மாதம்தான் முதல் நிலுவைக் கடிதம் வரும். 55 வயது நிறையும்போது சாதாரணக் கணக்குப் பணமும் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாறக்கூடும். வீட்டுத் தவணைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவைக்க, அந்தப் பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரியாமல் தவறவிட்டவர்கள் ஏராளம்.

வங்கிக் கடன் வாங்கியவர்களின் பாடு வேறு. வீவக கடனின் வட்டி 1999 முதல் 2.6 விழுக்காட்டிலேயே நிற்கிறது. 2020, 2021ல் வங்கிகள் அதைவிட மிகக் குறைவாகக் கொடுத்தபோது பலர் கடனை வங்கிக்கு மாற்றினார்கள். மாற்றிவிட்டால் வீவக கடனுக்குத் திரும்ப வழியில்லை. 3 லட்சம் வெள்ளியை 25 ஆண்டுகளில் அடைப்பதென்றால் 1.5 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறக்குறைய 1,200 வெள்ளி. வட்டி 4 விழுக்காட்டுக்கு ஏறியபோது அதே கடனுக்கு 1,580 வெள்ளிக்கு மேல். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அந்த 380 வெள்ளிதான் மளிகைக் காசு.

வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் காப்புறுதி மரணம், குணமாக்க முடியாத இறுதிக்கட்ட நோய், நிரந்தர முழு உடற்குறை ஆகியவற்றுக்குத்தான். ஆட்குறைப்புக்கும் மணமுறிவுக்கும் அதில் இடமில்லை. இன்னொரு தவறான நம்பிக்கை, வீவக வீட்டை யாரும் தொட முடியாது என்பது. கடன் அட்டைக்காரரும் வட்டிக்கடைக்காரரும் சிங்கப்பூரரின் வீவக வீட்டைத் தொட முடியாது என்பது உண்மை. வீட்டையே அடைமானமாக எழுதி வாங்கிய வங்கிக்கு அந்தத் தடை இல்லை.

வங்கியின் சன்னல் வைத்த உறைகள் பிரிக்கப்படாமலேயே சாமி மேடைக்குப் பின்னால், ரப்பர் வளையம் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். கணவருக்குத் தெரியக்கூடாது என்று மனைவி ஒளித்துவைத்தவை, மனைவிக்குத் தெரியக்கூடாது என்று கணவர் ஒளித்துவைத்தவை. அந்த அடுக்கில் மேலே இருப்பதைவிட அடியில் இருப்பதே முக்கியமானது. முதல் ஒன்றிரண்டு கடிதங்களில்தான் “எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்” என்று இருக்கும். வழக்கறிஞர் கடிதம் வந்த பிறகு ஒவ்வொரு கடிதத்தின் செலவும் கடனோடு சேரும். முழுக் கடனையும் கேட்கும் அறிவிப்பு, நீதிமன்ற ஆணை, அதன்பின் அந்த ஆணையை நிறைவேற்ற வரும் ஷெரிஃப் அலுவலர் என்று அது நடந்துகொண்டே போகும்.

முதல் கடிதத்திலேயே போய்ப் பேசினால் என்ன கிடைக்கும்? வீவக கடனாக இருந்தால் நிலுவையைப் பகுதி பகுதியாகக் கட்டலாம், சில மாதங்களுக்குத் தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ கேட்கலாம், 65 வயது வரம்புக்குள் கடன் காலத்தை நீட்டிக்கலாம், வேலை செய்யும் பிள்ளையை உரிமையாளராகச் சேர்த்து அவருடைய சேம நிதியையும் பயன்படுத்தலாம். கடைசியாகச் சொன்னதை யோசித்துச் செய்யுங்கள். மகனின் பெயர் ஏறிவிட்டால் அவன் தனக்கென்று வீவக வீடு வாங்கும் நாள் தள்ளிப்போகும். வங்கியாக இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு வட்டி மட்டும் கட்டக் கேட்கலாம். மூவறை அல்லது பெரிய வீடாக இருந்தால் வீவக அனுமதியோடு ஓர் அறையை வாடகைக்கு விடலாம், குறைந்தது ஆறு மாதத்துக்கு. ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு 2025 ஏப்ரல் முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தருகிறது. முன்பு வாங்கிய சம்பளம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக்கூடாது. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் வாங்கித் தவணை கட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அங்கே வட்டி மாதத்துக்கு 4 விழுக்காடு வரை. வீவக கடனின் ஓராண்டு வட்டி விகிதத்தைவிட அங்கே ஒரே மாத வட்டி விகிதம் கூடுதலாக இருக்கலாம்.

இவ்வளவு செய்தும் சமாளிக்க முடியாது என்று தெரிந்தால் வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் விற்பதற்குக் காலம் வேண்டும். விற்கும் எண்ணத்தை வீவக தளத்தில் பதிந்த பிறகு ஏழு நாள் காத்திருந்துதான் வாங்குபவருக்கு விருப்ப உரிமை (வீட்டை அவருக்கென ஒதுக்கிவைக்கும் ஆவணம்) கொடுக்க முடியும். அவர் முடிவெடுக்க 21 நாள். வீவக விண்ணப்பத்தை ஏற்ற பிறகு கைமாறுவதற்கு ஏறக்குறைய எட்டு வாரம். வாங்க ஆள் தயாராக நின்றாலே மூன்று மாதம் ஓடிவிடும்.

ஆள் கிடைப்பதில் நமக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு புளோக்கில் சீனர் விகிதம் 87 விழுக்காடு என்ற வரம்பை எட்டியிருந்தால் இந்தியக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குபவர் வட்டம் அப்படியே சுருங்கிவிடும், விலையும் இறங்கும். உங்கள் புளோக்கின் நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வீவக தளத்தில் புதுப்பிக்கப்படுகிறது. முகவரிடம் பேசுவதற்கு முன் அதைப் பாருங்கள். வட்டம் சுருங்கிய புளோக்கில் இருப்பவர் மற்றவர்களைவிட இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். வீடு 4 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் போகிறது. கடன் பாக்கி 2 லட்சத்து 60 ஆயிரம். சேம நிதியிலிருந்து எடுத்ததும் அதற்கான 2.5 விழுக்காடு வட்டியும் சேர்த்துத் திருப்ப வேண்டியது 1 லட்சத்து 90 ஆயிரம். மிஞ்சுவது 30 ஆயிரம். அதில்தான் முகவர் தரகு, வழக்கறிஞர் செலவு, நகர மன்றத்தின் பராமரிப்புக் கட்டணப் பாக்கி எல்லாம். அதே வீட்டை வங்கி கைப்பற்றி 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்று, வட்டியும் வழக்குச் செலவும் ஏறிக் கடன் 2 லட்சத்து 90 ஆயிரம் ஆகியிருந்தால், மீதி 1 லட்சத்து 50 ஆயிரமும் சேம நிதிக்கே போகும். கையில் ஒரு வெள்ளிகூட வராது. சேம நிதியில் இருக்கும் பணத்தை வாடகைக்கு எடுக்க முடியாது.

வெளிச்சந்தையில் மூவறை வீட்டுக்கே மாதம் 2,500 வெள்ளிக்கு மேல், முன்பணம் தனி. வீவக பொதுவாடகை வீட்டுக்குப் பொதுவாக, குடும்ப வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், சொந்த வீட்டை விற்று 30 மாதம் ஆகியிருக்க வேண்டும். விதிவிலக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே மானிய வீடு வாங்கியவர் என்பதால் வாடகையும் கூடுதல். அந்த இடைவெளியில்தான் குடும்பம் சிதறுகிறது. பாட்டி ஒரு மகள் வீட்டில், பிள்ளைகள் அத்தை வீட்டின் கூடத்தில், அப்பா நண்பரோடு. கிழக்கே பிடோக்கில் பள்ளி, படுக்கை மேற்குக் கோடி ஜூரோங்கில் என்றால் தொடக்கநிலைப் பிள்ளை விடியுமுன் எழ வேண்டும். பூட்டு மாற்றுபவர் கதவருகே காத்திருக்கும் காலையில், அம்மாக்கள் முதலில் எடுத்துவைப்பது பள்ளிச் சீருடை, மருந்துப் பை, குலதெய்வப் படம். அரிசி வாளி பெரும்பாலும் அடுக்களையிலேயே நின்றுவிடும்.

கடன் கொடுத்தவர்களிடமும் அதிகாரிகளிடமும் இரண்டு கோரிக்கைகள். சேம நிதிப் பங்கீடு குறையப்போகும் 50, 55, 60 வயதுகளுக்கு ஆறு மாதம் முன்பே, தவணைக்கு எத்தனை வெள்ளி போதாமல் போகும் என்று ஒவ்வொரு கூட்டு உரிமையாளருக்கும் தனித்தனியாகத் தெரிவிக்கட்டும். முதல் நிலுவைக் கடிதத்தின் முதல் பக்கம் நான்கு மொழிகளிலும் இருக்கட்டும், அதிலேயே அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்தின் முகவரியும் இருக்கட்டும்.

கடிதம் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் வீவக கிளை அலுவலகத்துக்கோ வங்கிக்கோ போகும்போது கடன் அறிக்கை, இருவரின் கடந்த மூன்று மாதச் சேம நிதிக் கணக்கு, சம்பளச் சீட்டு அல்லது ஆட்குறைப்புக் கடிதம், நகர மன்றப் பாக்கிச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற ஒரே ஓர் எண்ணை வீட்டிலேயே இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள். பேசி முடித்ததை அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்