தீப்பெட்டிப் படத்தை வரைந்தவர் யார்?

ஆசிரியருக்கு,

வணக்கம். கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டட் ரெயின்போ' அனிமேஷன் குறும்படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2006 கான் திரைப்பட விழாவின் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவில் மூன்று விருதுகள் வாங்கிய படம். இவ்வளவு காலம் கழித்தாவது தமிழில் ஒருவர் எடுத்துப் பேசியதில் சந்தோஷம். ('அக்டோபர்' இந்திப் படத்தில் வித்யா ஐயராக நடித்தவர்தான் இந்த இயக்குநர் என்பதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம், பலருக்கு முகம் ஞாபகம் வந்திருக்கும்.) ஆனால் முதுமை, மாநகரத் தனிமை, எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத அடுக்குமாடி வாழ்க்கை என்று பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரையாளர், படத்தில் வரும் தீப்பெட்டிகளை மட்டும் 'கற்பனை உலகம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். என் வருத்தம் அங்கேதான்.

பூனையைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாக வாழும் ஒரு கிழவி, தான் சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிப் படங்களுக்குள் புகுந்து ஊர் சுற்றுகிறாள். 15 நிமிஷம், வசனமே கிடையாது. நகரம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, பெட்டிக்குள் போனால்தான் நிறம். சரி, அந்த நிறம் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் தீப்பெட்டி என்றால் பெரும்பாலும் எங்கள் பக்கத்துச் சரக்குதானே: சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள், பெட்டி செய்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டுமே என்று அச்சகங்கள் முளைத்தன, அப்புறம் நாடு முழுக்கச் சுவரில் தொங்கிய காலண்டர்களும் அங்கிருந்தே போயின. புலி, கப்பல், சாவி, தாமரை, சாமி, சினிமா நடிகர் என்று உள்ளங்கையில் அடங்கும் தாளுக்குள் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். எந்த லேபிளிலாவது வரைந்தவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

இந்தப் படம் அந்நியர்களின் கதை என்று கட்டுரை சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேபிள் வரைந்தவர், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய பெண்கள், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவர்கள், இவர்கள் ஒருவருமே அந்தக் கிழவிக்குத் தெரியாதவர்கள்தான், அவர்கள் கை பட்ட பொருளை வைத்துக்கொண்டுதான் அவள் பொழுதைக் கழிக்கிறாள். அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் வெகுகாலம் இருந்தன, அதை மறைத்து ஊர்ப்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. படம் இதையெல்லாம் காட்டியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, தனி ஆளாகக் கையால் வரைந்து முடித்தவரிடம் அப்படிக் கேட்பது அநியாயம். தமிழில் எழுதுகிறவர் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

14 வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனதற்குப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதில் படம் வரைந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. இப்போது லேபிள் எல்லாம் கம்ப்யூட்டரில் முடிந்துவிடுகிறது, கையால் வரைந்த தலைமுறையில் இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களைத் தேடிப் பிடித்து உங்கள் இதழில் ஒரு பேட்டி போடுங்கள், கிடைக்கிற பழைய லேபிள்களை வண்ணத்திலேயே அச்சிடுங்கள். கட்டுரையாளரையே அனுப்பினாலும் சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி