சமையல் பட்டியலோடு ஒரு வரி கூடுதலாக அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் வரும் ஏழு நாள் சமையல் பட்டியலை விடாமல் படிப்பவன் நான். திங்கள் காலை இது, செவ்வாய் இரவு அது என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பட்டியல் புதன்கிழமையைத் தாண்டுவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன், தோட்டத்தை என் மனைவி எடுத்துக்கொண்டாள். எனவே சமைக்கத் தெரியாததோ, காய்க்குப் பஞ்சமோ காரணமில்லை. பட்டியல் போடுகிறவர் இரண்டு கேள்விகளைக் கேட்பதே இல்லை. சாப்பிட உட்காருகிறவர்களில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது? செடியில் இப்போது என்ன காய்த்திருக்கிறது?

முதல் கேள்விக்கு எங்கள் வீட்டின் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. மூத்த மகனுக்கு சீலியாக் நோய், கோதுமை கூடாது. பேத்திக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. எனக்கு வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். மருமகளுக்கு எல்லாமே ஒத்துக்கொள்ளும். அதனால் எங்கள் நான்கு பேருக்காகவும் தினமும் விட்டுக்கொடுக்கிறவள் அவள்தான். இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

நான்கையும் 'அலர்ஜி' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். உடம்புக்குள் நடப்பது வேறு வேறு கதைகள். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உலகில் பெரும்பாலானவர்களுக்கு அது குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகிறது. இது அளவைப் பொறுத்த தொல்லை. சாப்பாட்டோடு கொஞ்சம் பால் என்றால் பலர் தாங்குவார்கள். தயிரில் உள்ள நுண்ணுயிர்களே லாக்டோஸின் ஒரு பகுதியைச் செரித்துத் தருவதால் என் மனைவி சிறு கிண்ணம் தயிர் சாப்பிடுவாள். நாள்பட்ட கெட்டிப் பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் அநேகமாக இருக்காது. என் வெங்காயப் பிரச்சினையும் இதே ரகம்தான். அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடரை மனிதக் குடல் யாருக்குமே செரிப்பதில்லை, சிலருக்கு மட்டும் அது வேதனையாகிறது.

சீலியாக் அப்படியல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய் இது. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அளவு. எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள். இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள உறவை நிறுவியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அதை ஆய்வேடாக எழுதினார். ஊரே பசியில் கிடந்த காலத்தில் சில குழந்தைகள் மட்டும் உடம்பு தேறியது எனக்கு இன்னும் வியப்புதான்.

பேத்தியின் வேர்க்கடலை ஒவ்வாமை இன்னும் வேகமானது. துளி போதும், சில நிமிடங்களில் உதடு தடிக்கும், மூச்சுத் திணறும். அட்ரினலின் ஊசி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

ஆகவே பட்டியல் போட உட்காருவதற்கு முன் நாங்கள் பிரித்துக்கொண்டது உணவு வகையை அல்ல, அளவை. பாலும் வெங்காயமும் குறைத்தால் போதும். கோதுமையும் வேர்க்கடலையும் துளிகூடக் கூடாது. வேர்க்கடலை எங்கள் வாசல்படி ஏறுவதில்லை. கோதுமை ரொட்டியாக வரும், மாவாக வராது; மாவு காற்றில் பறந்து எல்லாப் பாத்திரத்திலும் படியும். ரொட்டிக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி உண்டு. அந்தக் கத்தியை வேறு எதற்காவது எடுத்துவிட்டால் என் மகன் ஒன்றும் சொல்ல மாட்டான். மருமகள்தான் சத்தம் போடுவாள்.

அடுத்தது, ஒரே பானை. ஆளுக்கொரு சமையல் செய்ய ஆரம்பித்தால் சமைக்கிறவன் பத்து நாளில் படுத்துவிடுவான். அதனால் நடுப்பானையில் நால்வரில் யாருக்காவது ஆகாத எதுவும் விழாது. சோறு, உருளைக்கிழங்கு, சோளம், முட்டை, பருப்பு, இவற்றோடு அன்றைய காய். தயிர், வறுத்த வெங்காயம், ரொட்டித் துண்டு எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் மேசைக்கு வரும்; வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். மருமகளுக்கு இப்படித்தான் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கிறது.

பூண்டு வாசனை இல்லாத சமையல் எப்படி என்று கேட்பார்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பற்களை எண்ணெயில் மெதுவாகப் பொரித்து, பற்களை எடுத்துவிட்டால் வாசனை எண்ணெயில் நிற்கும், தொல்லை பற்களோடு போய்விடும். அதே பற்களைக் கொதிக்கும் குழம்பில் போட்டு வெளியே எடுப்பதில் பயனில்லை, ஃப்ரக்டான் குழம்பில் இறங்கிவிடும். இந்த எண்ணெயை அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும். பூண்டு கிடக்கும் எண்ணெயை வெளியில் நாள்கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உருவாக இடமுண்டு. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. வெள்ளைக் குமிழை விட்டுவிடுகிறேன். பருப்பை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போகும்.

இனித் தோட்டம். இங்கேதான் உங்கள் கட்டம் உடைகிறது, ஐயா. பீன்ஸ் கொடிக்கு வியாழக்கிழமை தெரியாது. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பறித்தே ஆக வேண்டும். காய் முற்றி விதை கட்ட விட்டால் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளரியும் அப்படியே. 'வியாழன்: காலிஃபிளவர்' என்று நீங்கள் போட்ட வாரம் எங்கள் வீட்டில் கூடை நிறைய பீன்ஸ் கிடந்தது. பறித்ததை வாட விட்டு, கடையில் வேறொன்று வாங்கி வருவதா?

காய்களை நான் பொறுமையை வைத்துத்தான் பிரிக்கிறேன். கீரையும் பச்சைப் பட்டாணியும் இனிப்புச் சோளமும் பொறுக்காதவை. பட்டாணியிலும் சோளத்திலும் பறித்த மணி முதலே சர்க்கரை மாவாக மாறிக்கொண்டிருக்கும். பீன்ஸ், வெள்ளரி, கத்தரி ஓரிரு நாள் பொறுக்கும். தக்காளி நிறம் மாறத் தொடங்கியதும் பறித்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால்தான் ருசி கெடும். பூசணியைக் காம்போடு அறுத்து உலர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். உருளைக்கிழங்கு இருட்டில் கிடக்கும், வெங்காயத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

ஞாயிறு மாலை மனைவியோடு பாத்திகளைச் சுற்றி வருவேன், கையில் ஒரு துண்டுச் சீட்டு. அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன்: நாளைக்கே, நடுவாரத்துக்கு, பிறகு பார்க்கலாம். பொறுக்காதவை வாரத்தின் முதல் நாள்களுக்குப் போகும். நடுவில் வருவது அன்று காலை செடியைப் பார்த்து முடிவாகும். வாரக் கடைசிக்கு எப்போதும் பூசணி அல்லது கிழங்கு. நாள்வாரியாக நான் எழுதி வைப்பது அடிப்படையை மட்டும்தான்: திங்கள் சோறு, செவ்வாய் உருளை, புதன் முட்டை என்று. காயின் பெயர் எழுதும் இடம் வெறுமையாகவே இருக்கும்.

இதனால் விதைக்கும்போதே சமையல் தொடங்கிவிடுகிறது. முள்ளங்கி ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். ஒரே நாளில் பாத்தி முழுக்க விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் வந்து குவியும். இரண்டு வாரத்துக்கொரு முறை குட்டையாக ஒரு வரிசை என்று அவள் விதைக்கிறாள். குமிழ் வெங்காயத்துக்கு ஒதுக்கிய இடம் வெங்காயத்தாளுக்குப் போய்விட்டது. பேத்திக்கு வேர்க்கடலை ஆகாது என்றதும் பீன்ஸும் பட்டாணியும் அதே குடும்பம்தானே என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் மற்றப் பயறுகளைத் தாராளமாகச் சாப்பிடலாம். மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். இப்போது பட்டாணியைச் செடியிலேயே உரித்துத் தின்கிறாள், சமையலறைக்குப் பாதிதான் வருகிறது.

தோட்டத்துக் காய் என்றாலே நல்லது என்ற பேச்சை நான் அப்படியே ஏற்பதில்லை. சிவப்பு ராஜ்மாவை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். இல்லையென்றால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி பேதியைக் கொண்டுவரும். கொதிநிலை எட்டாத மெதுவடுப்பில் வைப்பது இன்னும் மோசம். வெள்ளரியோ பூசணி வகையோ வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் துப்பிவிட வேண்டும். அந்தக் கசப்புப் பொருள் வேகவைத்தாலும் போகாது. வீட்டில் எடுத்து வைத்த விதையில் கலப்பு நேர்ந்தால் இப்படி ஒரு கொடி வரலாம். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கும் அடுப்புக்குப் போகாது. இவற்றால் வயிறு கெட்டவர்கள் பலர் 'எனக்கு பீன்ஸ் அலர்ஜி' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

இன்னொரு தொல்லை, காசு கொடுத்து வாங்கும் தடைப்பட்டியல்கள். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு பக்கம் பக்கமாகக் கூடாத உணவுகளோடு வந்தாள். அவள் தினமும் சாப்பிடுவதெல்லாம் அதில் இருந்தது. இருக்காதா பின்னே? அந்தப் பரிசோதனை அளக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள், அந்த உணவு உடம்புக்குப் பழக்கம் என்பதைத்தான் காட்டும். ஒத்துக்கொள்ளாமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. சந்தேகமுள்ள ஒரே ஒரு பொருளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு திரும்பச் சேர்த்து, நோட்டில் குறித்துப் பார்ப்பதுதான் எங்கள் வழி. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் இந்த விளையாட்டு கூடவே கூடாது. சீலியாக் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தவும் கூடாது. நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடும்.

இனி என் கோரிக்கை. பாக்கெட்டில் விற்கும் பிஸ்கட்டுக்குச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் சேர்ந்து 9 ஆகிவிட்டது. பத்திரிகையில் வரும் செய்முறைக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு செய்முறையின் கீழும் ஒரே ஒரு வரி போடுங்கள்: பால், கோதுமை, வேர்க்கடலை, முட்டை, எள், சோயா இவற்றில் எது இருக்கிறது என்று. 'சோயா சாஸ் ஒரு கரண்டி' என்று எழுதும்போது அதில் பெரும்பாலும் கோதுமையும் இருக்கிறது என்பதை அந்த வரி சொல்லட்டும். முடிந்தால் அந்தப் பொருள் எதற்காகச் சேர்கிறது என்பதையும் சொல்லுங்கள். கெட்டிப்படுத்தத்தான் பாலாடை என்று தெரிந்தால் நான் வேகவைத்த உருளையை மசித்துச் சேர்த்துவிடுவேன். மொறுமொறுப்புக்குத்தான் வேர்க்கடலை என்றால் வறுத்த பூசணி விதை போதும். காயின் பெயரை மட்டும் அச்சிடாமல், 'ஏதாவது ஒரு கீரை', 'சீக்கிரம் வேகும் ஏதாவது ஒரு காய்' என்று எழுதினால் தோட்டம் வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

இதற்கெல்லாம் பக்கத்தில் இடமில்லை என்பீர்கள். ஏழு நாளில் ஒரு நாளை எடுத்துவிடுங்கள். ஆறு நாள் பட்டியல் எங்களுக்குப் போதும். ஏழாம் நாள் எப்படியும் மிச்சம் மீதியைத்தான் சூடுபண்ணிச் சாப்பிடுகிறோம்.

இப்படிக்கு,
அடுப்படிப் பொறுப்பிலிருக்கும் தாத்தா ஒருவர்