அட்டவணையில் நடைதூரமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்புக்கான வழிகாட்டிப் பக்கங்களில் தரவரிசை, கட்டணம், தகுதி மதிப்பெண் எல்லாம் அட்டவணையாக வருகின்றன. வகுப்பிலிருந்து எத்தனை நிமிட நடையில் ரூம் கிடைக்கும், அரிசி பருப்பு கிடைக்கும் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தெருமுனையில் பால், கூப்பிடு தூரத்தில் மருந்துக் கடை, கொஞ்சம் நடந்தால் மெட்ரோ என்று வளர்ந்த பிள்ளை, கார் இல்லாமல் முட்டைகூட வாங்க முடியாத ஊரில் போய் இறங்கினால் முதல் மாதமே கணக்கு இடிக்கும்.

நகரத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நம் துறையின் கட்டடம் எங்கே என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் வகுப்புகள் வடக்கே கார்ஷிங் வளாகத்தில். நகர மையத்திலிருந்து யு6 ரயிலில் ஏறக்குறைய 25 நிமிடம். அதே நாட்டின் ஹைடல்பெர்க்கில் மொழி, வரலாறு படிப்பவர்கள் பழைய நகரில் காலாற நடக்கலாம். அறிவியலும் மருத்துவமும் நெக்கர் ஆற்றுக்கு அக்கரையில். நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977-லேயே மையப் பகுதியை நான்காகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார்கள் குறுக்கே போக முடியாதபடி செய்த ஊர். அங்கும் அறிவியல் துறைகள் உள்ள செர்னிகே வளாகம் சுமார் 4 கி.மீ. தள்ளி இருப்பதால் மாணவர்கள் சைக்கிளில்தான் போகிறார்கள். ஊரும் நல்ல ஊர், பல்கலைக்கழகமும் நல்லது. ஆனாலும் நடை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். துறையின் தொடர்புப் பக்கத்தில் இருக்கும் தெரு முகவரியை கூகுள் மேப்பில் போட்டு, நடந்து போகும் வழியைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர் வீதம் 25 நிமிடத்தில் 2 கி.மீ. அதற்கு மேல் என்றால் தினசரி நடை நிலைக்காது. ரூமுக்கு ஒரு முறை, மளிகைக் கடைக்கு ஒரு முறை, ரயில் நிலையத்துக்கு ஒரு முறை பாருங்கள். பிறகு பேருந்து வழிக்கு மாற்றி, ஞாயிறு இரவு 9.30 என்று நேரம் வையுங்கள். பகலில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று காட்டிய பேருந்து அப்போது காணாமல் போகலாம். பகுதிநேர வேலை முடிந்து திரும்புவது அந்த நேரத்தில்தான்.

அடுத்து, தெருவை நேரில் பார்ப்பதுபோலப் படங்களாகக் காட்டும் கூகுள் மேப்பின் மஞ்சள் பொம்மையைச் சாலையில் இறக்கி, வழி முழுவதும் கண்ணால் நடந்து பாருங்கள். வளைவில் பிளாட்பாரம் திடீரென்று முடிந்து, புல்லில் ஒற்றையடிப் பாதை தேய்ந்திருந்தால் ஆள் நடக்கிறார்கள், பாதை இல்லை என்று பொருள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு, பக்கத்தில் இருப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு என்று தெரியும். அமெரிக்கப் புறநகர்களில் கேட்டின் இடத்தில் ஆறு வழிச் சாலை இருக்கும். கடை எதிரிலேயே தெரியும், கடக்க அரை மைல் தள்ளி சிக்னலுக்குப் போக வேண்டும்.

2007-இல் வந்த வாக் ஸ்கோர் இணையதளம் ஒரு முகவரிக்கு 100-க்கு மதிப்பெண் தருகிறது. 70-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான வேலைகளை நடந்தே முடிக்கலாம். 50-க்குக் கீழே போனால் கார் வேண்டும். ஆனால் அது முக்கியமாகக் கடைகள் எவ்வளவு அருகில் என்பதைத்தான் எடை போடுகிறது. பிளாட்பாரத்தின் நிலை, தெருவிளக்கு, மேடு பள்ளம் எல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும். டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் ஏறத்தாழ நாலு லட்சம் பேர் இருந்தும் குறித்த தடத்தில் ஓடும் நகரப் பேருந்து கிடையாது. செல்போனில் கூப்பிட்டால் வரும் வேன்தான். மேடும் சரிவுமான பிட்ஸ்பர்க்கிலோ இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் நகரப் பேருந்தில் தனிக் கட்டணம் இல்லை.

குளிர்காலத்தை நம் ஊரில் உட்கார்ந்து கற்பனை செய்வது கடினம். டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜெர்மனியில் ஞாயிறு அன்று கடைகள் அநேகமாக மூடியிருக்கும் என்பதால் வாரச் சாமான் சனிக்கிழமையே வந்தாக வேண்டும். 5 கிலோ அரிசி, 2 லிட்டர் பால், எண்ணெய், வெங்காயம் சேர்ந்தால் 10 கிலோ ஆகிவிடும். காகிதப் பை பனி ஈரத்தில் அடி கிழியும். பிளாஸ்டிக் பை விரலை அறுக்கும். முதுகுப் பைதான் சரி, அதுவும் 800 மீட்டர் வரை. இங்கே வாங்கிப் போகும் வழவழப்பான அடி வைத்த ஷூ, உறைந்த பிளாட்பாரத்தில் ஆளை வாரிவிடும். ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் அடி வேண்டும்.

"பல்கலைக்கழகத்துக்கு 15 நிமிடம்" என்ற ரூம் விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். அந்த 15 நிமிடம் பெரும்பாலும் காரில். ஒரு வழிக்கு 40 நிமிடம் என்றால் வாரத்தில் ஐந்து நாளுக்கு 6 மணி 40 நிமிடம் போகிறது. ஜெர்மன் விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். அதற்குள் வாடகையும் அடங்க வேண்டும். மையத்தில் ரூம் வாடகை கூடுதல்தான். செமஸ்டர் கட்டணத்தோடு பயணச்சீட்டும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுவிட்டு, வந்தால் ரயில் நிலையத்தை ஒட்டிய தூரத்து ரூமையும், வராவிட்டால் நடைதூரத்து ரூமையும் எடுப்பது நல்லது.

தங்கள் கல்விப் பக்க அட்டவணையில் துறைக் கட்டடத்தின் முகவரி, அருகிலுள்ள மளிகைக் கடையின் தூரம், ஞாயிறு கடைசிப் பேருந்தின் நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஜெர்மனியில் பல பாடப்பிரிவுகளுக்கு ஜூலை 15 கடைசி நாள். அதற்கு ஒரு மாதம் முன்பே வந்தால் விண்ணப்பிப்பவர்களுக்கு உதவும்.

வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81