ஜனவரி 19 யாருக்கான விடுமுறை?

டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டனில் குடியிருந்து, இங்கேயே வரி கட்டி, இங்கேயே வாக்களிக்கும் தமிழன் நான். என் கோரிக்கை ஒன்றுதான். ஜனவரி 19 அன்று நம் மாநிலம் கடைப்பிடிக்கும் ‘கான்ஃபெடரேட் ஹீரோஸ் டே’யை அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்நாட்டுப் போரில், அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து போன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்காக (கான்ஃபெடரசி) போரிட்டவர்களைப் போற்றும் நாள் அது. 2026 காலண்டரைப் பாருங்கள்: மார்ட்டின் லூதர் கிங் நாளும் அதே தேதியில்தான். இரண்டையும் ஒரே நாளில் எப்படிக் கொண்டாடுவது?

அந்தப் போர் மாநில உரிமைக்காக நடந்தது என்று இன்னமும் சொல்கிறார்கள். சரி, பிரிந்து போனவர்களே என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். 1845 டிசம்பர் 29 அன்று டெக்சாஸ் 28ஆவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. பதினைந்தே ஆண்டுகளில், 1861 பிப்ரவரி 1 அன்று, ஆஸ்டினில் கூடிய மாநாடு 166க்கு 8 என்ற கணக்கில் விலக முடிவெடுத்தது. மறுநாளே காரணங்களை எழுதி வெளியிட்டார்கள். அதில் பூசி மெழுகல் எதுவும் இல்லை. ஆப்பிரிக்க இனத்தார் வெள்ளையருக்கு அடிமைப்பட்டிருக்கும் நிலை இங்கே என்றென்றும் நீடிக்க வேண்டும், அது இறைவனின் சித்தம் என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் டெக்சாஸில் 1,82,566 பேர் அடிமைகளாக இருந்தார்கள். மக்கள்தொகையில் பத்துக்கு மூன்று பேர். அவர்களை யாரும் வாக்குக் கேட்கவில்லை. மாநாட்டுக்குப் பின் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்த வெள்ளை ஆண்களிலேயே கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் பிரிவினை வேண்டாம் என்றார்கள்.

வேண்டாம் என்றவர்களில் ஒருவர் அப்போதைய ஆளுநர் சாம் ஹூஸ்டன். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புதிய கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொல்லி 1861 மார்ச் 16 அன்று அவர் பெயரை அழைத்தபோது, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஒரு மரத்துண்டைச் சீவிக்கொண்டிருந்தார், மேலே ஏறிப் போகவே இல்லை என்பார்கள். பதவி பறிபோனது. நான் வாழும் ஊருக்கு அவர் பெயர்தான்.

போன வருடம் கம்ஃபர்ட் ஊருக்குப் போயிருந்தேன். சான் அன்டோனியோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே சுண்ணாம்புக்கல்லில் ஒரு தூண் நிற்கிறது. ‘ஒன்றியத்திற்கு விசுவாசம்’ என்று ஜெர்மன் மொழியில் பொறித்து, 1866இல் எழுப்பியது. கூட்டமைப்புப் படையில் சேர மறுத்து மெக்சிகோ நோக்கிப் போன ஜெர்மானியக் குடியேறிகளை, 1862 ஆகஸ்ட் 10 விடியலில் நியூசஸ் ஆற்றங்கரையில் வளைத்துத் தாக்கினார்கள். காயம்பட்டுக் கையில் சிக்கியவர்களையும் விடவில்லை. உடல்களைப் புதைக்கக்கூட யாருமில்லை. போர் முடிந்த பிறகுதான் ஊர்க்காரர்கள் போய் எலும்புகளைப் பொறுக்கி வந்து இங்கே அடக்கம் செய்தார்கள். ‘பிடித்துக் கொல்லப்பட்டவர்கள்’ என்று ஒரு பக்கத்தில் தனியாகவே பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக விரலால் தடவிப் படித்தேன். வேறு நாட்டிலிருந்து வந்து இதைத் தன் நாடாக்கிக்கொண்டவர்கள். என்னைப் போலவே.

இவர்களுக்கு அரசு விடுமுறை கிடையாது. இவர்களைக் கொன்ற படைக்கு இருக்கிறது.

விடுமுறையை எடுத்துவிட்டால் வரலாறு அழிந்துவிடும் என்கிறீர்கள். போருக்கு அடிமை முறை காரணமல்ல என்று சொன்ன பலகை 1959 முதல் நம் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்திலேயே தொங்கியது. 2019 ஜனவரியில் அதைக் கழற்றினீர்கள். எந்த வரலாறும் அழியவில்லை, ஒரு பொய்தான் போனது. டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட நாளான ஜூன் 19ஐ 1980இலேயே மாநில விடுமுறையாக்கி நாட்டுக்கே வழிகாட்டியதும் இதே மன்றம்தான்.

இந்த விடுமுறையை நீக்கக் கோரும் மசோதாக்கள் முன்பே வந்து, நிறைவேறாமல் போயிருக்கின்றன. அடுத்த முறை வரும்போது குழுவில் முடக்கிவிடாமல் அவைக்குக் கொண்டுவந்து வாக்கெடுப்பு நடத்துங்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்கும் நாளில் ஆஸ்டினுக்கு வந்து, 1861 பிப்ரவரி 2 அறிக்கையை உங்கள் முன் முழுதாக வாசிக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஹூஸ்டன் வாக்காளர் ஒருவர்